நூலகத்தின் மறுபாதி: சிற்றூர்ப் பொது நூலகங்களும் கட்டணமில்லா வகுப்புகளும்

1948ஆம் ஆண்டில் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டம் என்னும் பெருமைக்குரியது. மாவட்டந்தோறும் அமைய வேண்டிய நூலக ஆணைக்குழுக்களுக்கு அச்சட்டம் வழங்கிய அதிகாரங்கள் மிகப் பலவல்ல. நிலமும் கட்டடமும் தேடுதல், நூல்களும் இதழ்களும் நிலப்படங்களும் வாங்கி வைத்தல், பணியாளரை அமர்த்துதல், கொடை பெறுதல் என்று செல்லும் அவ்வரிசையில், சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்தல் என்பதும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. ஒரே தொடரில் அடங்கிவிட்ட இவ்வதிகாரம், நூலகம் பற்றிய பொதுக் கருத்தையே மாற்ற வல்லது. நூல்களை அடுக்கிக் காக்கும் அலமாரி நூலகத்தின் ஒரு பாதி. நூலை அணுக இயலாதவரை நூலருகே அழைத்து வரும் வகுப்பும் கூட்டமும் அதன் மறுபாதி என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

இம்மறுபாதி எங்கிருந்து வந்தது, அதற்கு உழைத்தவர் யாவர், அது வளர்ந்ததும் தேய்ந்ததும் எவ்வாறு என்பவற்றைத் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவு மலரில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழகத்துச் சிற்றூர்களில் கவியரங்கும் நூல் திறனாய்வுக் கூட்டமும் வாடகையின்றி நடைபெறும் இடம் பல ஊர்களில் கிளை நூலகத்தின் கூடமே. அக்கூடம் யாருடையது, எந்த உரிமையால் அது திறக்கப்படுகிறது என்பதை அறிவது, அங்குக் கவிதை படிப்போர்க்கும் கேட்போர்க்கும் பொருத்தமான பணியாகும்.

பழந்தமிழ் மரபு

கல்வியிடமும் ஈகையும் ஒன்றாக நின்ற காட்சி தமிழ்க் காப்பியத்திலேயே உண்டு. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், ஊரால் புறந்தள்ளப்பட்டு மதுரைக்கு வந்தபோது தங்கிய இடம், சிந்தாதேவி என்னும் கலைமகளின் கோயிலாகிய கலைநியமத்தின் முன்னிருந்த அம்பலம். தான் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர்க்கும் கேளாதோர்க்கும் நடக்க இயலாதோர்க்கும் பகிர்ந்தளித்து, எஞ்சியதை உண்டு, அங்கேயே அவன் உறங்கினான். வற்றாத அமுதசுரபியை அவனுக்கு அளித்தவளும் அக்கலைமகளே. கல்வித் தெய்வத்தின் வாயில் வறியோர் கூடும் இடமாக இருந்தது என்பதும், உணவளிக்கும் பாத்திரத்தைக் கல்வித் தெய்வமே தந்தாள் என்பதும் ஊன்றி நோக்கத்தக்கன.

படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டுவதும் இந்நாட்டில் புதிய வழக்கன்று. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரம் செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று அச்செப்பேடு ஒரு பங்கை ஒதுக்குகிறது. சமண சமயத்தார் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு நூற்கொடையையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்தனர். ஓலைச்சுவடிகளைக் காத்த இடத்திற்குச் சரசுவதி பண்டாரம் என்று பெயர் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

எனினும் இம்மரபின் பெருமையைக் கூறுவோர் அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்லூரியில் 340 மாணவர் உணவும் உறையுளும் பெற்றுக் கட்டணமின்றிப் பயின்றனர். ஆனால் அது வேத சாத்திரக் கல்விக்கு உரியோர்க்கு மட்டுமே திறந்த கதவு. உழவரும் கைவினைஞரும் பெண்டிரும் அங்கு மாணவராக நுழைய வழியில்லை. கோயில் மண்டபத்தில் பாரதம் கேட்ட எளிய மக்களும், கேட்பவராகவே நின்றனர். ஓலையைக் கையிலேந்தும் நிலைக்கு அவர்கள் உயர்த்தப்படவில்லை. கட்டணமின்மை பழைமையானது, எல்லார்க்கும் உரியது என்னும் கொள்கையோ அண்மைக் காலத்தது. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த இடமே பொது நூலகம்.

சங்கங்களும் வாசகசாலைகளும்

இவ்விணைப்பு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ச் சங்கங்கள் இதற்கு ஒரு படியமைத்துத் தந்தன. 1901இல் பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் மதுரையில் தோன்றிய தமிழ்ச் சங்கம், செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம், செந்தமிழ் என்னும் இதழ் ஆகியவற்றை ஒருசேர நடத்தியது. கற்பித்தலும் நூல் திரட்டலும் நூல் வெளியிடலும் வெவ்வேறு பணிகள் அல்ல என்பதை அது செயலிற் காட்டிற்று. சங்கம் நடத்திய பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் ஆகிய தேர்வுகள் தமிழாசிரியர் பலரை உருவாக்கின. 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் நூல்நிலையத்தையும் தமிழ்க் கல்வியையும் இரு கண்களாகப் போற்றியது.

சங்கங்கள் புலமையை வளர்த்தன. புலமைக்கு அப்பாற்பட்ட பொதுமக்களை அடைந்தவை வாசகசாலைகளும் படிப்பகங்களும். விடுதலை இயக்கத்தாரும், சுயமரியாதை இயக்கத்தாரும், தொழிற்சங்கத்தாரும் ஊர்தோறும் ஓர் அறையையோ கீற்றுக்கொட்டகையையோ அமைத்துச் செய்தித்தாள் வரவழைத்தனர். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சூழ அமர்ந்த பலர் கேட்டுத் தம் கருத்தைச் சொல்லுதல் அந்நாளைய வழக்கம். தேநீர்க் கடையும் முடிதிருத்தும் நிலையமும்கூட இவ்வகையில் வாசகசாலைகளாயின. அவற்றுள் சில இரவுப் பள்ளிகளாகவும் விளங்கின. ஒருவர் வாங்கிய இதழ் பலர் செவிகளுக்கு விருந்தாயிற்று. தமிழ் உரைநடையின் எளிமைக்கும் மேடைத் தமிழின் ஓசைக்கும் இக்கேட்கும் கூட்டம் ஆற்றிய பங்கு தனியே ஆராயத்தக்கது. படிக்கப்படும்போது செவிக்குப் புலனாக வேண்டும் என்ற கட்டாயம் எழுதுவோரின் நடையையும் மாற்றியிருத்தல் இயல்பே.

ஆயினும் படிப்பகங்கள் ஓர் இயக்கத்தைச் சார்ந்தவை. இயக்கம் தளர்ந்தால் அறை பூட்டப்படும். நடத்துபவர் ஊர் மாறினால் இதழ் நின்றுபோகும். எக்கட்சியையும் சாராமல், எவர் அருளையும் நாடாமல், சட்டத்தின் துணையோடு நிலைத்து நிற்கும் நூலகம் தேவைப்பட்டது.

1931: மூன்று நிகழ்ச்சிகள்

அத்தேவையை உணர்ந்து உழைத்தவர் சீகாழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகக் கல்வி பெற இங்கிலாந்து சென்றபோது, அங்குக் குழந்தைகளுக்கும் தொழிலாளர்க்கும் பொது நூலகங்கள் ஆற்றும் பணியைக் கண்டார். பெர்விக் சேயர்சு என்பவர் பொறுப்பிலிருந்த கிராய்டன் நகர நூலகம் அவருள்ளத்தை ஈர்த்தது. தாயகம் திரும்பிய பின் 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு அவர் முன்னின்றார்.

1931ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் அரங்கநாதனின் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்னும் ஆங்கில நூல் வெளிவந்தது. அவற்றுள் இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்ட வேண்டும் என்னும் கருத்துடையது. இவ்விதியை விளக்குமிடத்து, ஆண் பெண் வேறுபாடு, நகரத்தார் நாட்டுப்புறத்தார் வேறுபாடு ஆகியவற்றைக் கடந்து, பார்வையற்றோர், நோயாளர், சிறையிலிருப்போர், கடலோடிகள் வரை அனைவரையும் வாசகராகவே அவர் எண்ணுகிறார். மூன்றாம் விதி நூலின் பக்கம் நின்று வாசகரைத் தேடுவது. நூலகம் தன் சுவர்களுக்கு வெளியே சென்று ஆற்ற வேண்டிய விரிவுப் பணிகள் இவ்விதியின்கீழ்ப் பேசப்படுகின்றன. ஆக, வகுப்பும் சொற்பொழிவும் கண்காட்சியும் நூலகத்தின் அலங்காரங்கள் அல்ல. அதன் விதிகளிலிருந்தே முளைத்த கிளைகள்.

அதே ஆண்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு, இந்திய மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்து விழுக்காட்டையும் எட்டவில்லை எனக் காட்டிற்று. ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் என்று விதி வகுத்தால், பதின்மருள் ஒன்பதின்மர்க்கு எந்நூல் உரியது என்ற வினா எழுந்தே தீரும். இந்திய நூலக இயக்கம் மேலை நாட்டு நூலக இயக்கத்திலிருந்து வேறுபடும் இடம் இதுவே. அங்கே எழுத்தறிவு பரவியபின் நூலகம் பரவியது. இங்கே நூலகம் எழுத்தறிவையும் தன் தோளில் சுமக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது நிகழ்ச்சி, அவ்வாண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் புறப்பட்ட மாட்டுவண்டி நூலகம். கனகசபைப் பிள்ளை என்னும் பெருந்தகையின் கொடையும் முயற்சியும் சென்னை நூலகச் சங்கத்தின் ஊக்கமும் இணைந்து அவ்வண்டியை உருவாக்கின. வாசகர் நூலகத்தைத் தேடிச் செல்லும் முறை மாறி, நூலகம் வாசகரைத் தேடிச் சிற்றூர்ச் சாலையில் நடந்தது. நெல் மூட்டை ஏற்றிய காவிரிக்கரை வண்டித்தடத்தில் நூல் மூட்டையும் சென்றது. நகரத்து மாளிகையில் வைக்கப்பட்டிருந்த நூலகம் என்னும் கருத்து உழவர் வாயிலில் வந்து நின்றது என்பதே இதன் பொருள்.

இம்முயற்சி தனித்து நின்றதன்று. பரோடா மன்னர் மூன்றாம் சயாசிராவ், 1906இல் தம் நாடு முழுவதும் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைக் கொணர்ந்தவர். பள்ளியில் பெற்ற எழுத்தறிவு வாடாதிருக்க நூலகம் வேண்டும் என்று கருதிய அவர், 1910இல் அமெரிக்க நூலகர் போர்டனை வரவழைத்து ஊர்நூலகங்களின் வலையமைப்பைத் தொடங்கினார். படிக்க இயலாதவர்க்காகப் படவிளக்குக் காட்சிகளையும் அங்குள்ள நூலகத் துறை நடத்திற்று. சென்னை மாகாணத்தின் ஆந்திரப் பகுதியில் 1914 முதலே நூலக மாநாடுகள் கூடின. 1935இல் குண்டூர் மாவட்டக் கால்வாயில் படகு நூலகம் ஒன்றும் மிதந்தது. வண்டி செல்லும் ஊரில் வண்டியும் படகு செல்லும் ஊரில் படகும் நூலகமாயின.

இலவசம் அன்று, உரிமை

கொடையாளரின் நல்லுள்ளத்தை நம்பிய முயற்சிகளுக்கு ஆயுள் குறைவு. இதனை உணர்ந்த அரங்கநாதன் 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டமொன்றை முன்வைத்தார். அதனைத் தழுவிப் பஷீர் அகமது சயீத் 1933இல் சென்னைச் சட்டசபையில் கொணர்ந்த மசோதா நிறைவேறவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழிந்து, கல்வியமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948இல் சட்டம் பிறந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்துத் தமிழ்க் கலைக்களஞ்சியப் பணிக்கு வித்திட்டவரும் அவரே. கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரன் என்னும் கவிஞரின் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்ததை இலக்கிய அன்பர்கள் அறிவர். அறிவை ஒருபுறம் தொகுப்பதும் மறுபுறம் அதனை ஊர்தோறும் கொண்டு செல்வதும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக அன்று எண்ணப்பட்டன எனலாம்.

இச்சட்டத்தின் உயிர்நிலை நூலக வரி. வீட்டுக்கும் சொத்துக்கும் உள்ளாட்சி அமைப்புகள் தண்டும் வரியோடு ஒரு சிறு தொகை நூலகத்திற்கென்று சேர்த்துத் தண்டப்படுகிறது. பின்னாளில் இது வரித்தொகையில் ரூபாய்க்கு 10 காசு என்ற அளவிற்கு உயர்ந்தது. இதன் பொருள் ஆழமானது. நூலகத்தில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் முதியவரும், வகுப்புக்கு வரும் மாணவியும், கவியரங்குக்கு வரும் கவிஞரும் யாருடைய தயவிலும் அங்கு இல்லை. சொந்த வீட்டுக்காரர் வரியாகவும், குடியிருப்பவர் வாடகையின் வழியாகவும் அதற்குரிய பொருளை முன்னரே செலுத்திவிட்டனர். சொந்த வீடோ வாடகை வீடோ இல்லாதவர்க்கும் அதே நாற்காலி உண்டு என்பது சட்டத்தின் அறம். எனவே நூலக வகுப்பை இலவச வகுப்பு என்று கூறுவதினும் கட்டணமில்லா வகுப்பு என்று கூறுவதே பொருந்தும். இலவசம் கொடுப்பவரை உயர்த்தும்; உரிமை பெறுபவரை நிமிரச் செய்யும்.

சட்டம் வந்தபின் நூலகங்கள் பெருகின. பொதுக்கல்வி இயக்குநரே நூலகங்களின் இயக்குநராகவும் இருந்த காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு போன்றோர் பள்ளியையும் நூலகத்தையும் ஒரே நோக்கில் கண்டு வளர்த்தனர். 1972இல் பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் அமைந்தது. அதன் இயக்குநராக விளங்கிய வே. தில்லைநாயகம் நூலக இயக்க வரலாற்றைத் தமிழில் எழுதியவர். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்னும் அடுக்கமைப்பு நாடெங்கும் வேரூன்றியது.

ஆனால் எண்ணிக்கை பெருகிய அளவிற்கு மறுபாதி வளரவில்லை. ஆணைக்குழுவின் ஆண்டறிக்கையில் நூல்களின் தொகையும் உறுப்பினர் தொகையும் ஏறுவதே வளர்ச்சியாகக் கருதப்பட்டது. உள்ளாட்சிகள் தண்டிய நூலக வரி உரிய காலத்தில் ஆணைக்குழுவின் கைக்கு வந்து சேராமை நெடுநாள் குறையாக நீடித்தது. ஒரே பணியாளர் நூல் வழங்கி, நூல் வாங்கி, பதிவேடு எழுதி, கூடம் பெருக்கும் ஊர்ப்புற நூலகத்தில் வகுப்பு நடத்துவது யார்? சட்டம் அதிகாரம் தந்தது, ஆளைத் தரவில்லை.

எல்லையின் அப்பால்

இதே காலத்தில் அண்டை நிலத்தில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத்தக்கது. குட்டநாட்டு நீலம்பேரூரில் 1926இல் ஒரு சிறு நூலகம் தொடங்கிய பி. என். பணிக்கர் என்னும் பள்ளியாசிரியர், 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் சார்பாளரை ஒன்றுகூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை அமைத்தார். அங்கு நூலகம் சட்டத்தால் மேலிருந்து வரவில்லை. ஊராரின் சங்கத்தால் கீழிருந்து எழுந்தது. ஊரார் பொதுக்குழு கூடி நிருவாகிகளைத் தேர்ந்தெடுப்பர். நூலகத்தை ஒட்டிக் குழந்தைகளுக்கான பாலவேதி, மகளிர் பிரிவு, நாடகக் குழு, எழுத்தறிவு வகுப்பு ஆகியன இயங்கும். மாலை வேளையில் ஊரின் பொதுத் திண்ணையாக நூலகம் மாறும். எழுத்தறிவுப் பணிக்காக அச்சங்கம் 1975இல் யுனெசுகோவின் குரூப்சுகாயா பரிசு பெற்றது. 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது, அதற்கு அடித்தளமிட்டவற்றுள் இவ்வூர் நூலகங்கள் முதன்மையானவை. 1995இல் பணிக்கர் மறைந்த சூன் 19ஆம் நாள் அங்கு வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரிலும், பின்னர் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. எல்லை மாறியபோது ஊர்ச்சங்க மரபில் வளர்ந்த பகுதி தமிழகத்திற்கும், சென்னைச் சட்டத்தின்கீழ் இருந்த பகுதி கேரளத்திற்கும் வந்தன. சட்டமும் வேண்டும், சங்கமும் வேண்டும் என்பதே இவ்வொப்பீடு தரும் பாடம். சட்டமின்றிச் சங்கம் மட்டும் இருந்தால் பொருள் வற்றும். சங்கமின்றிச் சட்டம் மட்டும் இருந்தால் கூடம் வெறுமையாகும். இதனை உணர்ந்தே கேரளமும் 1989இல் நூலகச் சட்டம் இயற்றி, ஊர்ச்சங்கங்களின் தன்மையைக் காத்துக்கொண்டு, அரசின் துணையையும் பெற்றது.

அறிவொளியின் ஒளியும் நிழலும்

தமிழகத்தில் சங்கம் என்னும் மக்கள் ஆற்றல் பெருவெள்ளமாக வந்தது அறிவொளி இயக்கத்தின் காலத்தில். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டபின், 1990களின் தொடக்கத்தில் மாவட்டந்தோறும் தொண்டர்கள் இரவு வகுப்புகளை நடத்தினர். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய இயக்கம் நாடறிந்தது. ஆட்சியர் சீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தால், கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எழுத்தாளர்களும் கவிஞர்களும் தமிழ்ப் பேராசிரியர்களும் இதில் பெருமளவு ஈடுபட்டனர். ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளிப் பட்டறிவை இருளும் ஒளியும் என்னும் நூலாக எழுதினார். பேராசிரியர் ச. மாடசாமி பாடநூல் உருவாக்கத்தில் மக்களின் விடுகதையையும் பழமொழியையும் கதையையும் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். கற்பிக்கச் சென்ற எழுத்தாளர், மக்களிடம் சொல் கற்றுத் திரும்பினர் என்பது அவ்வியக்கம் தமிழ் இலக்கியத்திற்குத் தந்த பேறு.

ஆயினும் வகுப்பு முடிந்த மறுநாள் என்ன என்னும் வினாவிற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. நாற்பது அகவையில் கையெழுத்திடக் கற்ற தாய்க்கு, அடுத்துப் படிக்க எளிய நூல் வேண்டும். அமர்ந்து படிக்க ஒளியுள்ள இடம் வேண்டும். ஐயம் கேட்க ஒருவர் வேண்டும். இம்மூன்றும் கிட்டாதவிடத்துக் கற்ற எழுத்து மெல்ல மறந்துபோகும். தெருவிளக்கின் கீழ் நடந்த வகுப்பு, நூலகத்தின் கூடத்திற்குள் நிலையாகக் குடியேறியிருக்குமாயின், இயக்கம் ஓய்ந்தபின்னும் பயன் ஓய்ந்திராது. வண்டி நூலகத்தைப் புறப்படச் செய்தவர்கள் நூலை மக்களிடம் கொண்டு சென்றனர். அறிவொளித் தொண்டர்கள் எழுத்தை மக்களிடம் கொண்டு சென்றனர். இரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்த ஊர்கள் சிலவே.

இற்றை நாள் நிலை

2006ஆம் ஆண்டிற்குப் பின் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 12,618 ஊராட்சிகளிலும் நூலகக் கட்டடம் எழுப்பும் முயற்சி நடைபெற்றது. கட்டடம் எழுந்தது, திறப்பதற்கு ஆளின்றிப் பல ஊர்களில் அது பூட்டிக் கிடந்தது. 2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பெருநகரங்களில் ஓங்கி நின்றன. இவை போற்றத்தக்கவை. எனினும் பெருநகர நூலகத்திற்குப் பேருந்தேறிச் செல்ல இயலாத சிறுமியின் கல்வி, அவள் தெருவிலுள்ள கிளை நூலகத்தின் கதவைப் பொறுத்தே அமைகிறது.

அக்கதவு இன்று பல ஊர்களில் புதிய வகையில் திறக்கிறது. அரசுப் பணித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு, கோடை விடுமுறையில் சிறுவர்க்கு ஓவியமும் சதுரங்கமும் கதைசொல்லலும், கணினிப் பயிற்சி, நவம்பர் 14 முதல் நூலக வார விழா, வாசகர் வட்டத்தின் திங்கள்தோறும் கூட்டம் எனப் பணிகள் விரிகின்றன. ஆயிரம் ரூபாய் வழங்குபவரை நூலகம் புரவலர் என்று பதிவு செய்கிறது. புலவரைப் புரந்த மன்னர்க்குச் சங்ககாலத்தில் வழங்கிய சொல், ஓய்வுபெற்ற ஆசிரியர்க்கும் கடைத்தெரு வணிகர்க்கும் உரியதாகிவிட்டது நல்ல மாற்றமே.

இவ்வகுப்புகளைக் குறித்து இரு தடைகள் எழுப்பப்படுவதுண்டு. நூலகம் வேலைக்கான பயிற்சிக் கூடமாகி இலக்கிய வாசிப்பு ஒதுங்கிவிடும் என்பது ஒன்று. வகுப்பின் ஓசையால் அமைதி குலையும் என்பது மற்றொன்று. இவற்றைப் புறந்தள்ளல் ஆகாது. ஆனால் முதல் தடையைக் கூறுவோர், தனிப்பயிற்சி நிலையத்திற்குக் கட்டணம் செலுத்த வசதியற்ற, வீட்டில் தனியறையில்லாத இளைஞர்க்கு அந்நீண்ட மேசை ஒன்றே படிக்குமிடம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேர்வுக்காகத் திருக்குறளைப் புரட்ட வந்த மாணவி, அருகிலுள்ள அலமாரியில் புதுமைப்பித்தனைக் காணும் வாய்ப்பு நூலகத்தில் உண்டு; பயிற்சி நிலையத்தில் இல்லை. அவ்வலமாரிக்கு அவளை அழைத்துச் செல்ல ஒருவர் இல்லாமையே குறை; வகுப்பு குறையன்று. இரண்டாம் தடைக்கு நேரப் பகுப்பே விடையாகும். வாசிப்புக்குரிய நேரத்தில் அமைதியும், வகுப்புக்கெனக் குறித்த நேரத்தில் பேச்சும் ஒரே கூடத்தில் இடம்பெற இயலும்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. சிற்றூர் நூலகங்களில் செய்தித்தாள் மேசை பெரும்பாலும் ஆடவர் மேசையாகவே இருந்து வந்துள்ளது. தடை விதித்தவர் எவருமில்லை. எனினும் பெண்டிர் தயங்கி நின்றனர். குழந்தையை ஓவிய வகுப்பில் விட வரும் தாய், முதன்முறையாக அவ்வாயிலைக் கடக்கிறாள். காத்திருக்கும் வேளையில் இதழைப் புரட்டுகிறாள். உறுப்பினர் படிவம் கேட்கிறாள். வகுப்பு என்னும் காரணம் இன்றேல் அப்படிவம் அவள் கைக்கு வந்திராது. கட்டணமில்லா வகுப்பின் பயன் அங்குக் கற்பிக்கப்படும் பாடத்தில் மட்டும் இல்லை; யார் உள்ளே வரலாம் என்று ஊர் எண்ணியிருந்ததை மாற்றுவதிலும் உள்ளது.

இலக்கிய வட்டங்களின் பணி

இவ்வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறை தொடர்ந்து வருவதைக் காணலாம். எண்ணாயிரத்தில் கட்டணமின்மை இருந்தது, எல்லார்க்கும் இடமில்லை. படிப்பகத்தில் எளியோர்க்கு இடமிருந்தது, நிலைபேறு இல்லை. சட்டத்தில் நிலைபேறு கிடைத்தது, ஆளில்லை. அறிவொளியில் ஆளிருந்தனர், நிலையான கூடமில்லை. இவை நான்கும் ஓரிடத்தில் கூடுமாயின் நூலகத்தின் மறுபாதி நிறைவுறும். கட்டணமின்மையும் எல்லார்க்கும் உரிமையும் நிலைபேறும் இன்று சட்டத்தால் உறுதி பெற்றுள்ளன. எஞ்சியிருப்பது ஆள் மட்டுமே.

அவ்விடத்தில்தான் இலக்கிய வட்டங்கள் நினைக்கப்பட வேண்டியவையாகின்றன. பத்தாண்டுகள் இடையறாது கூட்டம் நடத்துவதற்கு வேண்டிய ஒழுங்கும் தொண்டுள்ளமும் உடையவர்கள், அவற்றுள் ஒரு பகுதியைக் கிளை நூலகத்திற்கு வழங்க இயலும். திங்களுக்கு ஒரு மாலை சிறுவர்க்குக் கதை சொல்லுதல், தேர்வெழுதும் இளைஞர்க்கு இலக்கணம் கற்பித்தல், புதிதாக எழுத்தறிந்தவர்க்கு எளிய நூலொன்றை உடனமர்ந்து படித்துக் காட்டுதல் ஆகியவை பெரும்பொருள் வேண்டாதவை. நூலக வரி முறையாகச் செலுத்தப்படுகிறதா என்று உள்ளாட்சி மன்றத்தில் வினவுவதும், பூட்டிக் கிடக்கும் ஊர்ப்புற நூலகத்தைத் திறக்கக் கோருவதும்கூட இலக்கியப் பணியே. கவிஞர்க்குக் கேட்போர் வேண்டும். கேட்போர் வானத்திலிருந்து வருவதில்லை. அவர்கள் ஊர் நூலகத்தின் தரைப்பாயில், ஆறு அகவையில், கதை கேட்கும் சிறுவராக உருவாகின்றனர். அப்பாயை விரித்து வைப்போர் தமிழின் அடுத்த தலைமுறை வாசகரையும், ஒருவேளை அடுத்த தலைமுறைக் கவிஞரையும், வரவேற்கின்றனர்.